ரத்தினவேலின் வீச்சு

தென்சீனாவின் அந்தப் பெரிய கோல்ஃப் விடுதியில், வந்துபோனவர்கள் மட்டை வீசிய விதத்தையெல்லாம் சேமித்து வைத்திருந்தார்கள். கையுறையை மாட்டினால் போதும், தோளிலிருந்து மணிக்கட்டுவரை அவர்களைப் போலவே கை அசையும். மட்டையைத் தொட்டே அறியாத செண்பகவல்லி, கணவர் ரத்தினவேலின் வீச்சைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். நோய்க்குப் பின் எட்டு மாதமாக அவர் யாரையும் அடையாளம் கண்டதில்லை. இதையாவது கண்டுகொள்வாரா? அவர் பக்கத்தில் கோல்ஃப் வண்டியில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

“சாரோட பந்து எப்பவும் இடப்பக்கம் இழுக்கும், மேடம். சரிபண்ணிடட்டுமா?” என்று, காதில் மாட்டிய மொழிபெயர்ப்புக் கருவி வழியே தமிழில் கேட்டாள் பணிப்பெண் மெய்லின்.

“வேணாம்மா. இழுக்கட்டும்.”

கையுறைக்குள் மரத்துப்போன அவள் கை தானாகச் சுழன்றது. பந்து வளைந்துபோய்க் குளத்தில் விழுந்தது.

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். ரத்தினவேலின் முகத்தில் அசைவே இல்லை. அவருடைய கை மட்டும் கால்சட்டைப் பைக்குள், அங்கே இல்லாத அடுத்த பந்தைத் தேடிக்கொண்டிருந்தது.