கண்டிப்பானவர்

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா" என்றான் டைரக்டர்.

காலையிலிருந்து அந்த ஒரே ஒரு தடவை குட்டி போட்டுக்கொண்டே இருந்தது. அவள் ஆறிப்போன தேநீரைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சமையலறைக்கு நடந்தாள். முழங்கால் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு வலித்தன.

காட்சி சின்னதுதான். அவள் தேநீரைக் கொண்டுவந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவர் முன்னால் வைக்க வேண்டும். இரண்டடி பின்னால் போய்த் தலை குனிந்து நிற்க வேண்டும். அவர் அவளைப் பார்க்க மாட்டார், பேச மாட்டார். அவ்வளவுதான்.

சாதாரணக் குடும்பங்களை உள்ளது உள்ளபடி காட்டும் நிகழ்ச்சி என்று மகன் சொல்லியிருந்தான். நாமும் எல்லாரையும் போலத்தான் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே என்பது அவன் ஆசை. ஆசையில் தப்பில்லை.

உள்ளது உள்ளபடி காட்ட வந்தவர்கள் முதல் வேலையாக அவளுடைய தையல் மெஷினைப் பின்கட்டுக்குத் தள்ளினார்கள். டிவியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். இந்த வீட்டுக்கு டிவி பொருந்தவில்லை என்று டிவிக்காரனே சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது? அவளுடைய பூப்போட்ட முக்காடு போய்க் கறுப்பு முக்காடு வந்தது. சுவரில் யார் வீட்டுப் படமோ, பெரிய அரபு எழுத்துகளோடு ஏறியது.

கணவரைப் பார்த்ததும்தான் டைரக்டர் துள்ளிவிட்டான். ஆடாத அசையாத முகம், திறக்காத வாய்.

"கண்ணுல என்ன கண்டிப்பு! ஐயா வாயைத் திறக்காம இந்த வீட்ல ஒரு ஈ பறக்காது போல."

மகன் அவளைப் பார்த்தான். அவள் மகனைப் பார்த்தாள்.

மழைக்காலத்தில் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. காய்கறிச் சந்தையில் ஏலம் விட்ட மனிதர் அவர். வாயை வைத்தே குடும்பத்தைக் கரையேற்றியவர். வீட்டிலும் ஓயாத வாய்தான். விடுமுறை நாளில் தேநீர் போடுவது அவர் பொறுப்பு. சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிட்டு, நன்றாயிருக்கிறது என்று அவள் சொல்லும்வரை பக்கத்தைவிட்டு நகர மாட்டார்.

இப்போது பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்து, சாவிப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் விடுவதாக இல்லை. ஒவ்வொரு தொழுகையிலும் அவள் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு வார்த்தை. வசவாக இருந்தாலும் சரி, அந்தக் குரலில் ஒரு வார்த்தை.

பிஸ்மில்லாஹ் சொல்லாமல் அவர் மாத்திரைகூட விழுங்கியதில்லை. அதனால் ஒவ்வொரு வாய்க்கும் அவருக்காக அவளே அதைச் சொல்லி ஊட்டுகிறாள்.

நோயாளி என்று சொல்லியிருந்தால் சோக இசையைப் போட்டு ஊரையே அழ வைத்திருப்பார்கள். பரிதாபம் என்பது அவருக்கு ஆகவே ஆகாது. கண்டிப்பானவர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தாயும் பிள்ளையும் கண்ணாலேயே முடிவு செய்துகொண்டார்கள்.

அந்த முடிவுதான் இப்போது அவளைத் தின்றது. ஒவ்வொரு கோப்பையையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, ஒரு வாய்கூடக் கொடுக்காமல் திருப்பி எடுத்துப் போகிறாள். அவரும் ஒவ்வொரு தடவையும் கோப்பையைப் பார்க்கிறார். அவர் உதடு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

"ஆக்‌ஷன்!"

அவள் வந்தாள். வைத்தாள். பின்னால் போக வேண்டிய கால் போகவில்லை.

போதும் என்றிருந்தது. கேமராவாவது, கறுப்பு முக்காடாவது. தினமும் செய்வதுபோல அவர் பக்கத்தில் குனிந்து, கோப்பையை எடுத்து, வாயருகே கொண்டுபோனாள். அசதியில் வேறெதுவும் தோன்றவில்லை.

அவர் வாயைத் திறக்கவில்லை. இடது கையால் கோப்பையைத் தடுத்தார். இன்னும் என்ன என்று அவள் நிமிர்ந்தாள்.

அவர் அவளை முறைத்துக்கொண்டிருந்தார். எதையாவது அவள் மறந்தால் முன்பெல்லாம் முறைப்பாரே, அதே முறைப்பு. தாடை இழுத்துக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது.

"பிஸ்... மில்லா."

பாதி காற்று, பாதி கரகரப்பு. ஆனாலும் அவர் குரல்.

அப்போதுதான், இந்த வாய்க்குத் தான் அதைச் சொல்ல மறந்துபோனது அவளுக்கு உறைத்தது.

"கட்! கட்!" டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, நீங்க ஊட்டக் கூடாது. ஐயா, நீங்க பேசவே கூடாது. நீங்க பேசாம இருக்கறதுதான் சீனுக்கே பலம்."

கதவோரம் நின்றிருந்த மகன் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

கோப்பை அவள் கையிலிருந்து நழுவியது. தேநீர் அவர் சட்டையெல்லாம் சிந்தியது. அவள் துடைக்கவில்லை. முழங்கால் வலித்ததையும் மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்து, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவைங்க" என்றாள்.

தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து, டைரக்டர் கேமராக்காரருக்குக் கை காட்டினான்.