நட்ட நடுவில் ஒரு முத்திரை

லால்குடி கிருஷ்ணமாச்சாரியின் மூத்த குமாரர் சேஷாத்ரி. வயது ஐம்பத்தேழு ஆண்டு ஒன்பது மாதம். வங்காளத்தில், கங்கைக் கரையை ஒட்டிய கார்டன் ரீச்சில் ஒரு கொதிகலன் தொழிற்சாலையின் தலைமைச் சரக்குப் பரிசோதகர். அவர் முத்திரை விழாத குழாய் எதுவும் அங்கே உள்ளே நுழைந்ததில்லை.

மற்றவர்கள் குழாயின் ஓரத்தில் முத்திரை குத்துவார்கள். வெட்டும்போது அது போய்விடும். சேஷாத்ரி நட்ட நடுவில் குத்துவார். தம் பெயர் கடைசிவரை நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. லேக் மார்க்கெட் தமிழர்கள் அவரை 'முத்திரை மாமா' என்பார்கள். அது கேலி என்று அவருக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாப்பிள்ளை வெங்கட்ராமன், கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, ராஞ்சி வரை போய்த் திரும்பும் ராலி என்ற கார்ப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். பக்கத்து இருக்கையில் வழி சொல்லப் போகிறவள் சேஷாத்ரியின் ஒரே மகள் வசந்தி. கார் கவிழ்ந்தால் இருவர் தலையையும் காப்பதற்கு, இருக்கைகளுக்குப் பின்னால் வில்போல் வளைந்து நிற்கும் ஒரு குழாய்தான் உண்டு. ரோல் பார் என்பார்கள்.

"அலுமினியத்திலே போட்டுடலாம் மாமா. எடை குறையும்" என்றான் வெங்கட்ராமன்.

"என் பொண்ணு தலைக்கு மேலே பாத்திரக்கடைச் சாமானா?"

தொழிற்சாலையில் மிஞ்சிய சரக்கிலிருந்து, தாமே முத்திரை குத்திய மூட்டில்லாத எஃகுக் குழாய் ஒன்றை முறைப்படி ரசீது போட்டு வாங்கினார் சேஷாத்ரி. பவானிபூர் பட்டறைக்கு அதைக் கொண்டுபோன பிறகுதான், மாப்பிள்ளை பிடித்திருந்த வெல்டர் மருதமுத்து என்பது தெரிந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு தொழிற்சாலையில் ஒரு கொதிகலன் குழாய் வெடித்தது. வெல்டிங் சரியில்லை என்று சேஷாத்ரி அறிக்கை எழுதினார். குழாயை அறுத்துப் பார்க்கச் சொல்லி வெல்டர் மருதமுத்து மன்றாடினான். முத்திரை விழுந்த குழாயை அறுக்கும் வழக்கமில்லை என்று இவர் மறுத்துவிட்டார். அவன் வேலை போயிற்று.

அந்த மருதமுத்து இப்போது குழாயை வாங்கி, முத்திரையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான்.

"புதன்கிழமை வாங்க சார்."

அந்தத் தடவல் சேஷாத்ரிக்குப் பிடிக்கவில்லை. வேறு ஆளைப் பார்க்கலாமே என்று மாப்பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தார். குழாய் வளைப்பதற்கு பவானிபூரில் இவனை விட்டால் ஆளில்லை என்று அவன் ஒரே பிடியாக நின்றான். அப்பாவுக்குப் பால்காரன்மேலும் சந்தேகம்தான் என்று வசந்தி சிரித்தாள்.

புதன்கிழமை போனபோது ரோல் பார் காரில் ஏறி, கறுப்பு வர்ணமும் பூசியாகிவிட்டது. யாரைக் கேட்டு இத்தனை அவசரமாக வர்ணம்? முத்திரை இருக்க வேண்டிய இடத்தை விரலால் துழாவினார். வழவழவென்று இருந்தது. குனிந்து பார்த்தார். குழாயின் அடிப்பக்கம், எளிதில் கண்ணில் படாத இடத்தில், குன்றிமணி அளவுக்கு ஒரு துளை.

நல்ல குழாயை விழுங்கிவிட்டு ஓட்டைக் குழாயை மாட்டியிருக்கிறான். ஒன்பது வருஷப் பகையை என் பெண்ணின் தலையில் தீர்க்கப் பார்க்கிறான்.

தனியாகக் கேட்டால் மழுப்புவான். நாலு பேர் முன்னால் பிடிபட வேண்டும். ராலிக்கு முந்தைய ஞாயிறு காலை, மைதானத்தில் கார்களைப் பரிசோதிக்கும் இடத்துக்கு அவனையும் வரச் சொன்னார்.

பரிசோதகர் ஒரு வயதான வங்காளி. நேரே குனிந்து அந்தத் துளையைத்தான் தேடினார். அதற்குள் ஓர் அளவுக் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். குழாயின் கனத்தைச் சோதிக்க இப்படித் துளை போட வேண்டும் என்பது விதி, பாதிப்பேர் போடாமலே வந்து நிற்கிறார்கள், உங்கள் மிஸ்திரி விஷயம் தெரிந்தவர் என்று சேஷாத்ரியிடமே பாராட்டினார்.

சேஷாத்ரி அப்போதும் விடவில்லை. மருதமுத்துவை ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"துளை இருக்கட்டும். என் குழாய் எங்கேடா? என்ன விலைக்குப் போட்டே?"

மருதமுத்து திரும்பி, வெங்கட்ராமனும் வசந்தியும் தள்ளி நிற்பதை உறுதி செய்துகொண்டான். பிறகு பையின் அடியிலிருந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு சாண் குழாய்த் துண்டை எடுத்தான். அதன்மேல் சேஷாத்ரியின் முத்திரை. அறுத்த வாயில் ஒரு பக்கம் நல்ல கனம். எதிர்ப்பக்கம் பிஸ்கட் டின் தகரம்போல் மெல்லிசு.

"வளைக்கையிலே இந்தப் பக்கம் மட்டும் உள்ளே வாங்கிருச்சு சார். முனை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, நடுவுலதான் இப்படி. நீங்க எப்பவும் முனையிலதானே அளப்பீங்க."

"மாப்பிள்ளைகிட்டே சொன்னியா?"

"உங்க பேரு குத்தியிருக்கே. மருமகப் பிள்ளைகிட்ட எப்படிக் காட்டுறது? அதான் எங்கிட்ட இருந்த குழாயைப் போட்டேன். முத்திரை எங்கேன்னு அவரு கேட்கக் கூடாதுன்னு பெயிண்டும் அடிச்சுட்டேன்."

சேஷாத்ரி துண்டைக் கையில் வாங்கி, அறுத்த வாயின் மெல்லிய பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இதை நீ தொழிற்சாலைக்குக் கொண்டு போயிருக்கலாமே."

"போகலாம்னுதான் கிளம்புனேன். நீங்க ரிட்டயர் ஆக மூணு மாசந்தான் இருக்குன்னாங்க." மருதமுத்து துணியை மடித்துப் பையில் வைத்தான். "கங்கையிலே போட்டுருங்க சார்."

துண்டு கங்கைக்குப் போகவில்லை. மறுநாள் காலை அது தொழிற்சாலை மேலாளரின் மேசைமேல் இருந்தது. அதன் அடியில், வெடித்த குழாயையும் முனையில்தான் அளந்தேன் என்று ஒப்புக்கொண்டு, ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தமது அறிக்கையைத் தாமே மறுத்து, மருதமுத்துமேல் விழுந்த பழியை நீக்கக் கோரி சேஷாத்ரி எழுதிய கடிதம். கையெழுத்துக்குக் கீழே தேதி: 1975 ஜனவரி 13, திங்கட்கிழமை.