கருங்குரங்குகளுக்கு ஒரு தோப்பு

1962ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் பதினோராம் நாள், புதன்கிழமை. குற்றாலத்தில் காலை முதல் வெயில் தலைகாட்டவில்லை. மேற்கு மலையிலிருந்து சாரல் விட்டுவிட்டுத் தூவிக்கொண்டிருந்தது.

ஊருக்கெல்லாம் அந்தச் சாரல் திருவிழா. ஆவுடைநாயகத்துக்கு மட்டும் அது எமன்.

முப்பத்தொரு வயதான அவன், இரைப்பு முற்றிப் படுக்கவும் இயலாமல், தலையணைகளை முதுகுக்கு முட்டுக்கொடுத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தான். காலையில் வந்த டாக்டர், அவனுடைய தாய் மங்களேஸ்வரியைத் தனியே அழைத்து, இனி ஊசியால் ஆவது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கட்டிலருகே தென்காசிப் பத்திர எழுத்தர் தங்கசாமி அமர்ந்திருந்தார். அவர் எழுதி முடித்த உயில், ஆவுடைநாயகத்தின் கையொப்பத்துக்காகக் காத்திருந்தது.

வீடு தாயின் பெயரில் இருந்தது. ஐந்தருவிக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தை ஒட்டிய பலாத்தோப்பு அவன் பெயரில் இருந்தது. அத்தோப்பைச் சென்னையிலுள்ள வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றுக்கு அவன் விட்டுச்செல்ல விரும்பினான். மரங்களை வெட்டலாகாது; வேட்டைத் துப்பாக்கி உள்ளே வரலாகாது; மலையிறங்கி வரும் கருங்குரங்குகளை எவரும் விரட்டலாகாது.

சாட்சியாக வந்திருந்தவர், தோப்பில் பழக்குத்தகை எடுத்திருந்த சேக் மைதீன். அறையின் கனத்தைச் சற்றே குறைக்க எண்ணி அவர் கேட்டார்:

“அப்பம் அடுத்த வருசம் நான் குரங்குகிட்டத்தான் குத்தகை பேசணுமாக்கும், மாப்ளே?”

“பேசிப் பாரும் மாமா. எங்க சித்தப்பாவுக்கு அதுக தேவல.”

ஆய்க்குடியிலிருந்த சித்தப்பா சிவசைலம், அத்தோப்பு மரங்களுக்கு வியாபாரியிடம் விலையே பேசிவிட்டார் என்பது ஊரறிந்த செய்தி.

ஆவுடைநாயகம் தாயின் பக்கம் திரும்பினான். “நீ சரின்னு சொல்லும்மா. நீ மனசாரச் சொல்லாம நான் பேனாவத் தொடமாட்டேன்.”

மங்களேஸ்வரி அவன் முதுகுத் தலையணைகளைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

தோப்பின்மேல் அவளுக்கு ஆசையில்லை. அவன் கேட்பது நியாயமே என்பதை அவளைவிட அறிந்தவரும் இல்லை. மூன்று வயதில் அவனுக்கு முதன்முதலாக மூச்சுத் திணறியபோது, வைத்தியர் சொற்படி கருங்குரங்கு லேகியம் வாங்கித் தேனில் குழைத்து ஊட்டியவள் அவளே. இரைப்புக் கண்ட பிள்ளைகளுக்கு அப்பக்கத்தில் அதுதான் மருந்து. அது எதைக் கொன்று கிண்டப்படுகிறது என்று அறிந்த நாளில், சிறுவனான அவன் அவள் கைக்கரண்டியைத் தட்டிவிட்டான்.

“எத்தன உசிரத் தின்னு நான் வளந்தேன்னு ஒனக்குத் தெரியும்லா?” என்றான் இப்போது.

அவளுக்குத் தெரியும். ஆயினும் அவளுக்கு வேறொன்றும் தெரியும்.

ஆசை தீராத உயிர் கூட்டை விட்டுப் போகாது. அவளுடைய மாமியாரின் உயிர், பிறந்த வீட்டு மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றும்வரை, ஒன்பது நாள் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதை அவள் தன் கண்ணால் கண்டிருந்தாள்.

ஒன்பது நாள் கிடைத்தால் போதாதா? அதற்குள் சாரல் ஓய்ந்துவிடாதா? பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட மாட்டானா?

“ஆச்சி, ஒரு வார்த்த சொல்லிருங்க” என்றார் தங்கசாமி.

“வெயில் வரட்டும். பெறகு சொல்லுதேன்.”

ஆவுடைநாயகம் தாயை உற்றுப் பார்த்தான்; மெல்லச் சிரித்தான். “கெட்டிக்காரி மாமா, எங்கம்மா” என்று மைதீனிடம் சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டான்.

சீழ்க்கைபோல் இழுத்துக்கொண்டிருந்த மூச்சு, சிறிது நேரத்தில் நின்றது. ஓட்டின்மேல் சாரல் விழும் ஓசை மட்டும் கேட்டது.

மைதீன் நாடியைத் தொட்டுப் பார்த்தார்; தோள் துண்டால் தம் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஒருத்தரும் சத்தங் காட்டாதீங்க” என்றாள் மங்களேஸ்வரி. எழுந்து சென்று தெருக்கதவைத் தாழிட்டாள்.

மனைவி மக்கள் இல்லாத பிள்ளையின் சொத்து இனித் தாய்க்கே உரியது. அழுகுரல் தெருவை எட்டினால் சிவசைலம் வந்துவிடுவார். பதினாறாம் நாள் காரியம்வரை பங்காளிகள் அவளைச் சுற்றியே அமர்ந்திருப்பார்கள். அதன்பின் தன் கை எவர் சொற்படி ஆடும் என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

“வேற தாள் எடுங்க அண்ணாச்சி. அவன் பேரு இருக்க எடத்துல எம்பேரப் போடுங்க. மத்ததெல்லாம் அவன் சொன்னபடியே இருக்கட்டும்.”

தங்கசாமி எழுதலானார். அவளோ மகனின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓசையின்றி அமர்ந்திருந்தாள். அவளுடைய உள்ளங்கையின் கீழ் அவன் நெற்றி சிறிது சிறிதாகக் குளிர்ந்தது.

‘நல்ல நினைவுடனும் முழு மன அமைதியுடனும் எழுதிவைக்கும் உயில்’ என்ற வழக்கமான வரியில் தங்கசாமியின் பேனா நின்றுவிட்டது.

“எழுதுங்க” என்றாள் அவள்.

எழுதி முடிந்ததும் கையொப்பமிட்டாள். மைதீனும் தங்கசாமியும் சாட்சியிட்டனர். பிறகு அவள் மகனின் காதருகே குனிந்து, “சரிய்யா” என்றாள். தங்கசாமியின் கைக்கடிகாரத்தைக் காட்டச் சொல்லி மணி பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பின்னரே கதவு திறந்தது. அதற்குப் பின்னரே அவளுடைய அலறலைத் தெரு கேட்டது.

திதி குறிப்பதற்காக, உயிர் பிரிந்த நேரத்தை உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வினவினார். மைதீன் தரையைப் பார்த்தார்.

“நான் சரின்னு சொன்னேன். ஒடனே போயிட்டான்” என்ற மங்களேஸ்வரி, கடிகாரத்தில் பார்த்துவைத்திருந்த மணியையும் சொன்னாள்.

அவள் சொன்ன நேரத்தையே பெரியவர் குறித்துக்கொண்டார்: பிற்பகல் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.