பொறுமைசாலி

கிடங்கு வாசலில் இரண்டு லாரிகள் நின்றன. போன மாதம்தான் ஒருவன் போலிக் கடிதம் காட்டி ஒரு லாரிச் சரக்கோடு மறைந்திருந்தான். இனி ஒரு பெட்டி தொலைந்தாலும், லாரிகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் அக்காவுக்கு வேலை போய்விடும்.

"மூணு மணி நேரமாச்சுக்கா! இன்னும் எவ்வளவு நேரம் காயப் போடுவீங்க?" ஐந்தாவது முறையாக வந்து மேசையைத் தட்டினான் முதல் டிரைவர்.

இரண்டாவது டிரைவர் சிரித்தான். "மெதுவா பாருங்கக்கா. எனக்கு அவசரமே இல்ல."

கத்தியவனின் லாரியில் முதலில் சரக்கேற்றச் சொன்னாள் அக்கா.

மேனேஜர் அவளைத் தனியே அழைத்தார். "கத்தினா பயந்துடுவியாம்மா? பாவம், அந்தத் தங்கமான மனுஷன் ஒரு குறைகூட சொல்லல."

"அதான் சார் உதைச்சுது. பத்து நிமிஷம் நிக்க வெச்சாலே லாரிக்காரங்க குதிப்பாங்க, அடுத்த லோடு போயிடுமே. அவன் தந்த நம்பரை விட்டுட்டு, நம்ம பதிவேட்டுல இருக்கிற நம்பர்ல அவன் கம்பெனியைக் கேட்டேன். இன்னிக்கு அவங்க லாரியே அனுப்பலையாம்."

"ஐயோ, ஓடிடப் போறான்!"

"போலீஸ் வர்ற வரைக்கும் இருப்பான் சார். அவனுக்குத்தான் அவசரமே இல்லையே."

ஜீப்பில் ஏறும்போதுதான் அவன் முதல் முறையாகக் கேட்டான்: "ரொம்ப நேரமாகுமா சார்?"