வாசலில் மீன்காரி

குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து, மீன் விற்றே காலம் தள்ளிய பிரகாசியம்மாளை முதியோர் இல்லத்தில் யாரும் நடக்கவே விடவில்லை. கட்டிலை விட்டால் சக்கர நாற்காலி, அதை விட்டால் கட்டில். அவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அன்று மேற்பார்வையாளர் ஹெலனின் அறையில் கூட்டம் போட்டிருந்தார்கள். யாரும் கூப்பிடாமலேயே நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

"என் காலப் பத்தித்தான பேசுதீய? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

ஹெலன் நகர்ந்து இடம் விட்டாள். "சொல்லுங்கம்மா, என்ன வேணும்?"

"காலையில வாசலுக்கு மீன்காரி வருதா. நான் நடந்துபோய் வாங்கணும்."

"விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தா தூக்குங்க. அதுக்குத்தான இருக்கீய?"

ஹெலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை பிரகாசியம்மாள் கைத்தடியோடு இறங்கினாள். ஹெலன் அவள் கையைப் பிடிக்கவில்லை, ஓரடி பின்னால் மட்டும் வந்தாள். முட்டி நடுங்கியது, முதுகு வியர்த்தது, ஆனாலும் அவள் நிற்கவில்லை. கூடையைக் கிளறி, ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரி களைத்துப்போகும்வரை பேரம் பேசிவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பினாள்.

"ஏம்மா வாங்கல?"

"இன்னைக்கு வெல படியல. நாளைக்கும் வருவால்லா, பாப்போம்."