ஒரு சொட்டுகூடக் கூடாது

"நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க டாக்டரம்மா. என்னால ஆகாது."

சியாலா மூக்கை உறிஞ்சி, கைக்குட்டையால் துடைத்தாள். டாக்டர் லியானாவுக்குச் சிரிப்பதா, தேற்றுவதா என்று தெரியவில்லை.

போன மாதம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் இலவசமாக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சியாலாவுக்கு ஒன்றுமில்லை. அவள் கணவர் வாஜாவை மட்டும் திரும்பக் கூப்பிட்டு ஸ்கேனும் எடுத்தார்கள். இன்று முடிவு வந்துவிட்டது. ஈரல் அழற்சிக் கிருமி இருக்கிறது. ஈரலில் தழும்பும் விழுந்திருக்கிறது.

"எதுக்குக்கா இப்படி அழறீங்க? இது இப்பல்லாம் தீராத வியாதியே இல்ல. மூணு மாசம் மாத்திரை, அதுவும் இலவசம். கிருமி இருந்த இடம் தெரியாம ஓடிப் போயிடும்."

"கிருமிக்கு யாரு அழுதா? குடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் அழறேன். பண்டிகைக்குக்கூட ஒரு வாய் கூடாதா?"

"ஒரு சொட்டுகூடக் கூடாது. ஆயுசுக்கும். கிருமி போனாலும் தழும்பு இருக்கே!"

"அவர் யாருன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியாம என்ன? என் கல்யாணத்துக்கே அவர்தானே தமதா!"

அதுதான் விஷயம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு விருந்தானாலும் தமதாவாகத் தலைமை இடத்தில் உட்காருகிறவர் வாஜாதான். எழுந்து நின்று அவர் வாழ்த்துச் சொன்னால் கல்நெஞ்சனும் கண்ணைத் துடைப்பான். ஆனால், தமதா வாயால் வாழ்த்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு மாட்டுக் கொம்பு நிறையத் திராட்சை மதுவைக் குடித்து, கொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் விருந்து வைத்தவருக்கு அவமானம்.

பஸ்ஸில் வரும்போது சியாலாவுக்கு மனசே சரியில்லை. பாவம் மனுஷன், அது ஒன்றுதான் அவருக்குச் சந்தோஷம். அதையும் பிடுங்கிவிட்டால் ஆள் உடைந்து போய்விடுவாரே!

வீட்டுக்கு வந்தால், திராட்சைப் பந்தலுக்குக் கீழே வாஜாவின் தம்பி அன்சோர் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் மகளுக்குக் கல்யாணம்.

"அண்ணே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாதாரண ஆளுங்க இல்ல. முப்பது கொம்பு குடிச்சிட்டு நேரா நடந்து போவாங்களாம். நம்ம வீட்டு மானம் உன் கையிலதான் இருக்கு!"

"பாத்துக்கலாம்டா" என்றார் வாஜா.

"அன்சோர், நீ கிளம்பு. அண்ணன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்று சியாலா அவனை விரட்டாத குறையாக அனுப்பினாள். பிறகு வாஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, மனசைத் திடப்படுத்திக்குங்க. ரத்தத்துல கிருமி இருக்காம்."

வாஜா அவள் பக்கம் திரும்பினார்.

"உயிருக்கு ஒண்ணும் பயமில்லையாம். மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமாம். ஆனா..." அவர் கையை இன்னும் இறுக்கினாள். "இனிமே குடிக்கவே கூடாதாம்."

"மூணு மாசத்துக்குத்தானே?"

"ஆயுசுக்கும்."

வாஜா எச்சிலை விழுங்கினார். "வேற யாரோட ரத்தமாவது மாறிப் போயிருக்குமா?"

பாவம், இன்னும் நம்பிக்கையை விடவில்லையே என்று சியாலா நினைத்துக்கொண்டாள். "நானும் அதைத்தாங்க கேட்டேன். ரெண்டு தடவை பார்த்துட்டாங்களாம்."

"எழுதிக் குடுத்திருக்காங்களா?"

அவள் காகிதத்தை நீட்டினாள். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"முத்திரை எல்லாம் சரியாத்தான் போட்டிருக்காங்க இல்ல?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நாம என்ன செய்ய முடியும், சொல்லுங்க! ஞாயித்துக்கிழமை வாழ்த்தை நீங்க சொல்லுங்க, கொம்பை அன்சோர் கவிழ்க்கட்டும். நான் அவன்கிட்ட பேசிக்கறேன். இந்தக் காகிதத்தைக் காட்டினா எவன் என்ன சொல்லிடுவான்?"

"எவனும் ஒண்ணும் சொல்ல முடியாதா?"

"சொன்னா நாக்கை அறுத்துட மாட்டேனா!"

வாஜா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. பெத்த அப்பா செத்தபோதுகூடக் கண்கலங்காத மனுஷன்! சியாலாவுக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவரைக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவினாள்.

"அழுதுடுங்க. நல்லா அழுதுடுங்க. நான் இருக்கேன்ல?"

வாஜா கையை விலக்கினார். கண்ணில் நீர் வழிய வழிய, மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்திரண்டு வருஷம், சியாலா! நம்ம கல்யாணத்தன்னைக்கு உங்கப்பா நீட்டின கொம்பை மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கவிழ்த்தேன், ஊரே பார்க்க நீ எழுந்து நின்னு கை தட்டினே... அன்னையிலேர்ந்து உனக்காகத்தான்டி குடிக்கிறேன், எனக்கு அந்தக் கருமத்தோட வாடையே ஆகாது!"