சீனாக்காரருக்குச் சோதனை

"எழுத்தெல்லாம் வேணாம்யா. சீனாக்காரன் எழுத்தும் ஜப்பான்காரன் எழுத்தும் ஒண்ணுதானாம், இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு. நீ வாயத் தொறந்து பேசணும். அப்பத்தான் நீ எந்த நாட்டு ஆளுன்னு தெரியும்" என்றார் ஏட்டு சுப்பராயலு.

திண்டிவனம் ரயில் நிலையத்தில் நின்ற கூட்டம் ஓகுராவையே முறைத்துக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை அது. கொழும்பிலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டிருந்தன. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இந்தப் பக்கம் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில் பட்டுத் துணி விற்றுவந்த ஓகுராவின் முகத்தைப் பார்த்து யாருக்கோ சந்தேகம் தட்டி, போலீசில் சொல்லிவிட்டார்கள்.

"மாதா மேல ஆணையா சொல்றேன் ஏட்டையா, அவரு சீனாக்காரருதான். வருசக்கணக்கா என் வூட்லதான் குடி இருந்துக்கினு இருக்காரு. வுட்டுடுங்க" என்று கெஞ்சினாள் வீட்டுக்காரி இருதயமேரி.

தான் பொய்யாணை இடுகிறோம் என்பது அவளுக்கே தெரியாது. ஓகுரா தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் ஜப்பான்காரர்தான். ஒசாகாவில் பேர்போன பத்திரிகைக்காரர். அவர் எழுதிய நாடகம் என்றால் கொட்டகை நிரம்பிவிடும். அந்தச் செல்வாக்கில் தேர்தலில் நின்று ஜெயித்து, பார்லிமெண்டுக்கும் போனார். ஒருநாள் அங்கே எழுந்து, 'சீனாவில் நம் பட்டாளம் செய்வது பச்சைக் கொலை' என்று பேசினார். பதவி போயிற்று. பத்திரிகை போயிற்று. சிறையில் தள்ளுவதற்குள் கப்பலேறித் தப்பி வந்துவிட்டார்.

சீனாக்காரன் என்று அவராக யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஊர் அப்படிக் கூப்பிட்டது, அவரும் அப்படியே இருந்துவிட்டார். இப்போது பிடிபட்டால் ஜப்பான்காரர்களை அடைத்துவைக்கும் முகாம். முகாமில் இருப்பவர்களை ஜப்பானுக்கே திருப்பி அனுப்பப் போவதாக வேறு பேச்சு. போய் இறங்கினால் துறைமுகத்திலேயே விலங்கு மாட்டுவார்கள். அப்புறம் உயிர் மிஞ்சாது.

விழுப்புரம் போகும் வண்டியில் ஏட்டு சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டார்.

"வாங் டாக்டரைத் தெரியுமா? விழுப்புரம் ஸ்டேசனாண்ட பல்லு கட்றாரு. அசல் சீனாக்காரரு. அவரு ஊரையே ஜப்பான்காரன் கொளுத்திட்டானாம். பொண்டாட்டி புள்ள அத்தனையும் போச்சாம். எவனாவது ஜப்பான்காரன் கையில கெடச்சா கொறடாலயே கொன்னுடுவேன்னு சொல்லிக்கினு இருக்காரு. அவரு கேக்கறதுக்கு நீ பதில் சொல்லிட்டா எங்களுக்குப் போதும்."

"பயத்துல பேச்சு வரலைன்னா, ஏட்டையா?"

"வரலைன்னா உனக்குத்தான் பேஜாரு."

மயிலம் போயிற்று, விக்கிரவாண்டி போயிற்று. எழுதச் சொல்லியிருந்தால் ஓகுரா பக்கம் பக்கமாக எழுதிக் காட்டியிருப்பார். சீனப் பேச்சில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது.

டாக்டர் கடையில் தனியாகத்தான் இருந்தார். ஏட்டு விஷயத்தைச் சொல்லி முடித்ததும் டாக்டர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கையிலிருந்த குறட்டை இறுக்கிப் பிடித்தார். இவ்வளவு ஆத்திரமா என்று ஓகுரா ஓரடி பின்வாங்கினார்.

"இன்னிக்கி வேணாம். எனக்கு ஒடம்பு சரியில்லை" என்றார் டாக்டர், ஓகுராவின் முகத்தைப் பார்க்காமலே.

"ரெண்டே வார்த்தை டாக்டரய்யா. ஜல்தி முடிச்சிக் குடுத்துடுங்க. இன்ஸ்பெக்டரு காத்துக்கினு இருக்காரு."

டாக்டர் வேறு வழியில்லாமல் திரும்பினார். ஓகுராவை உற்றுப் பார்த்தார். பிறகு மூக்காலும் தொண்டையாலும் கடகடவென்று எதையோ கேட்டார்.

ஓகுராவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஏட்டின் கை அவர் தோளில் விழுந்து இறுகியது.

"பேசுயா!"

அப்போதுதான் அவருக்குள்ளிருந்த நாடகக்காரர் விழித்துக்கொண்டார். முன்பு ஒரு நாடகத்தில் சீன வியாபாரி வேஷத்துக்காக அவரே இட்டுக்கட்டிய உளறல் ஒன்று நினைவுக்கு வந்தது. அதை ஏற்றி இறக்கி, கையை ஆட்டி, ஒரு மூச்சில் பேசி முடித்தார். அசல் சீனாக்காரர் காதில் அது வெறும் கேலியாகத்தான் விழும் என்பது பேசிய பிறகே உறைத்தது. தீர்ந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் இன்னும் ஏதோ சொன்னார். ஓகுராவும் இன்னும் கொஞ்சம் உளறினார்.

ஏட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சீனாக்காரருதான்" என்றார் டாக்டர் கடைசியில். "எங்க ஊருப் பக்கம். சந்தேகமே இல்லை."

ஏட்டுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "என்னமோ போ, உனக்கு நல்ல நேரம். அடுத்த வண்டியில ஊரு போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பூட்ஸ் சத்தம் தெருவில் தேய்ந்து மறையும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு ஓகுரா மெல்லக் கைகூப்பினார். ஊரையும் பெண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த மனிதர், கொளுத்தியவன் நாட்டுக்காரனுக்கு உயிர்ப்பிச்சை போட்டிருக்கிறார். என்ன சொல்லி நன்றி சொல்வது?

அதற்குள் டாக்டர் பாய்ந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஓடிவந்து ஓகுராவின் கைகளைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

"நான் ஜப்பான்காரன்னு கண்டுபுடிச்சும், ஏட்டுகிட்ட என்னைக் காட்டிக் குடுக்காம வுட்டுட்டீங்களே, சாமி!"